புற்றுநோயின் பெயரில் பாதி

மார்பகத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, “எந்த ஸ்டேஜ்?” என்பதுதான். கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டதா என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் பயாப்சி முடிவு வந்து சில நாள் கழித்து, ஐ.எச்.சி. என்று தலைப்பிட்ட இன்னொரு தாள் வரும். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று அதில் மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சதவீதமோ கூட்டல் குறியோ இருக்கும். பல வீடுகளில் அந்தத் தாள் ஸ்கேன் படங்களுக்கும் பில்களுக்கும் நடுவே போய் மறைந்துவிடுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அது ஒற்றைச் சொல்லாகச் சுருங்குவதும் உண்டு, இடம்பெறாமலே போவதும் உண்டு. அடுத்த ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு அந்தப் பெண் எந்த மருந்தைச் சாப்பிட வேண்டும், எந்த மருந்து அவருக்கு வீண் என்பதைத் தீர்மானிக்கும் வரிகள் அவை. ‘மார்பகப் புற்றுநோய்’ என்று மட்டும் எழுதினால் அது பாதிப் பெயர்தான். மீதிப் பெயர் அந்த மூன்று வரிகளில் இருக்கிறது. மருத்துவரின் குறிப்பு, காப்பீட்டுப் படிவம், புற்றுநோய்ப் பதிவேடு, மருத்துவக் குறியீடு என்று நோயின் பெயர் எங்கெல்லாம் எழுதப்படுகிறதோ அங்கெல்லாம் அவையும் எண்ணோடு, முழுதாக எழுதப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

அந்த வரிகளில் ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, பி.ஆர். என்பது புரோஜெஸ்டிரான் ஏற்பி. ஏற்பி என்பது செல்லில் உள்ள ஒரு புரதம். ரத்தத்தில் வரும் ஈஸ்ட்ரோஜன் செல்லுக்குள் நுழைந்து, உட்கருவில் இருக்கும் தன் ஏற்பியோடு சேரும்போது, பெருகுவதற்கான உத்தரவு செல்லுக்குக் கிடைக்கிறது. நல்ல மார்பகத்தின் பால்நாளச் செல்களிலும் இந்த ஏற்பி உண்டு. புற்றுநோயாக மாறிய பின்னும் சில கட்டிகள் அதை விடாமல் வைத்திருக்கின்றன, சில இழந்துவிடுகின்றன. இது புரிவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1896இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களின் சினைப்பையை அகற்றியபோது கட்டி சுருங்கியதாக ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஈஸ்ட்ரோஜன் என்ற பொருளே அப்போது கண்டறியப்படவில்லை. மற்ற மருத்துவர்களும் இதைச் செய்து பார்த்தார்கள்; ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பலன் தெரிந்தது, மற்றவர்களுக்கு வெறும் அறுவைதான் மிஞ்சியது. யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று முன்கூட்டியே சொல்ல வழி இல்லை. 1958 வாக்கில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன், கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை உடலுக்குள் செலுத்தி, அது எந்தத் திசுவில் தங்குகிறது என்று பின்தொடர்ந்தார். அப்படித்தான் ஏற்பி இருப்பது தெரியவந்தது. அது உள்ள கட்டிதான் ஹார்மோன் சிகிச்சைக்கு இணங்கும் என்பதும் பிறகு உறுதியானது. பீட்சன் காலத்தில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த நோய் உண்மையில் வெவ்வேறு நோய்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

டாமாக்சிஃபென் மாத்திரையின் கதை இதையே பெரிய அளவில் நிரூபிக்கிறது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1960களில் கருத்தடை மருந்தாக முயன்று, அதில் தோற்றுப்போன ஒரு வேதிப்பொருள் அது. 1973இல் பிரிட்டனிலும் 1977இல் அமெரிக்காவிலும் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த குழு 2011இல் வெளியிட்ட கணக்கின்படி, ஈ.ஆர். பாசிட்டிவ் நோயாளி ஐந்து ஆண்டுகள் இதைச் சாப்பிட்டால், முதல் பதினைந்து ஆண்டுகளில் இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஈ.ஆர். நெகட்டிவ் நோயாளிக்கு ஒரு பலனும் இல்லை. கருப்பை உள்சுவர்ப் புற்றுநோய், ரத்தக்கட்டு ஆகிய ஆபத்துகள் மட்டும் உண்டு. ஒரே மாத்திரை, ஒரே ஸ்டேஜ், ஆனால் ஒரு வரி மாறினால் நன்மை தீமையாகிவிடுகிறது. ஹெர்-2 என்ற இன்னொரு புரதத்தின் விஷயம் இன்னும் கூர்மையானது. கலிஃபோர்னியாவின் டெனிஸ் ஸ்லாமனும் உடன் பணியாற்றியவர்களும், இந்தப் புரதத்துக்கான மரபணு மிகையாகப் பெருகிய கட்டிகள் வேகமாகத் திரும்புகின்றன என்று 1987இல் காட்டினார்கள். அதாவது ஹெர்-2 பாசிட்டிவ் என்பது அன்றைக்குக் கெட்ட செய்தி. அதே புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இல் அனுமதி பெற்றது. தொடக்க நிலை நோயில் அது மறுவரவை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று 2005இல் சோதனை முடிவுகள் வந்தன. இன்று ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் குறி வைத்துத் தாக்கும் மருந்து இருக்கிறது என்று பொருள். மூன்றுமே இல்லாத கட்டியைத்தான் டிரிபிள் நெகட்டிவ் என்கிறார்கள்; அங்கே ஹார்மோன் மாத்திரையும் டிராஸ்டுசுமாபும் உதவாது. கீமோவும், அண்மைக்கால நோயெதிர்ப்புச் சிகிச்சையும், பிஆர்சிஏ மரபணுச் சோதனையும் முன்னுக்கு வருகின்றன.

ஸ்டேஜ்தான் எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். புற்றுநோய் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக்குழுவின் எட்டாம் பதிப்பு 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, மார்பகப் புற்றுநோய்க்கு ஸ்டேஜ் கணக்கிடும் முறையே மாறியது. கட்டியின் அளவு, நெறிக்கட்டி, பரவல் ஆகிய மூன்றோடு கிரேடு, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ஆகியவையும் சேர்க்கப்பட்டன. ஒரே அளவுள்ள இரண்டு கட்டிகள் ஏற்பி நிலையால் வேறு வேறு ஸ்டேஜில் விழலாம். இந்தச் சோதனைகளுக்கு வசதி இல்லாத ஊர்களுக்காகப் பழைய முறையும் தனியே வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வீட்டார் கேட்கும் அந்த முதல் கேள்விக்கே, மூன்று வரிகள் இல்லாமல் இன்று முழு விடை கிடையாது.

இந்த வரிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறு நுழையும் வாசல்கள் அங்கேதான் இருக்கின்றன. எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும்; ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை அறுவை முடிந்து, முழு மார்பகத்தையும் வெட்டித் திறக்காமல் அப்படியே டப்பாவில் போட்டுத் திங்கள்கிழமை வரை வைத்தால், மேற்பரப்பில் மட்டும் ஃபார்மலின் ஊறி, உள்ளே இருக்கும் கட்டி கெடத் தொடங்கிவிடும். பதப்பட்ட திசுவை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிமனுக்குச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டுகிறார்கள். சூடாக்கிப் புரதத்தை வெளிக்கொணர்ந்து, அதைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்து, நிறமேற்றுகிறார்கள். ஏற்பி இருந்தால் உட்கரு பழுப்பாகத் தெரியும்; ஹெர்-2 என்றால் செல்லின் ஓரம் பழுப்பாகும். நோயியல் மருத்துவர் எத்தனை சதவீதச் செல்கள், எவ்வளவு அழுத்தமாக நிறமேறியிருக்கின்றன என்று எண்ணி எழுதுகிறார். அதே துண்டில் கட்டிக்குப் பக்கத்தில் நல்ல பால்நாளம் ஒன்று கிடந்தால், அதில் சில செல்களாவது பழுப்பாகியிருக்க வேண்டும். அதுவும் வெளிறிக் கிடந்தால் கட்டி நெகட்டிவ் என்று சொல்ல முடியாது. சோதனையே நடக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஹெர்-2க்கு 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்பது இரண்டுக்கும் நடுவே நிற்பது. ஃபிஷ் போன்ற மரபணுச் சோதனை செய்துதான் முடிவு சொல்ல வேண்டும். 2+ என்று வந்த அறிக்கையைப் பாசிட்டிவ் என்றோ நெகட்டிவ் என்றோ குறிப்பில் ஏற்றிவிடுவது, முடியாத சோதனையை முடிந்ததாக எழுதுவதாகும்.

இந்த வாசல்களைக் காவல் இல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடா ஒரு கசப்பான சான்று. நியூஃபவுண்ட்லாண்ட் மாகாணத்தில் 1997 முதல் 2005 வரை செய்யப்பட்ட ஹார்மோன் ஏற்பிச் சோதனைகளில் நூற்றுக்கணக்கானவை தவறு என்று தெரியவந்தது. 2005இல் ஒரு நோயாளியின் நெகட்டிவ் முடிவு மறுசோதனையில் பாசிட்டிவ் ஆனதும் சந்தேகம் எழுந்தது. பழைய மெழுகுக் கட்டிகளை டொரண்டோவின் மவுண்ட் சினாய் மருத்துவமனைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நானூறுக்கு நெருக்கமான பெண்களின் முடிவு மாறியது. டாமாக்சிஃபென் கிடைத்திருக்க வேண்டியவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை. அவர்களில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2009 மார்ச்சில் வந்தது. ஆய்வகத்தில் தரக் கண்காணிப்பு இல்லாததை அது கடுமையாகச் சுட்டியது. நான் இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தவறு தெரிந்த பின், யார் யாருக்குச் சோதனை நடந்தது, யாருடைய முடிவு மாறியது, யார் உயிரோடு இருக்கிறார் என்ற ஒழுங்கான பட்டியலே நிர்வாகத்தின் கையில் இல்லை. மாகாணத்தின் சுகாதாரத் தகவல் மையம் தனியாக ஒரு தரவுத்தளம் கட்டிய பிறகே எண்ணிக்கை தெளிந்தது. சோதனையில் தவறியது முதல் குற்றம் என்றால், பதிவில் தவறியது அந்தக் குற்றத்தைப் பல ஆண்டுகள் ஒளித்துவைத்தது. முடிவுகள் எண்களாகத் திரட்டப்பட்டு, ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் பாசிட்டிவ் என்று யாராவது பார்த்திருந்தால், அந்த ஆய்வகத்தில் நெகட்டிவ் அளவுக்கு மீறி வருவது முன்னமே கண்ணில் பட்டிருக்கக்கூடும்.

பதிவு என்றதும் மருத்துவக் குறியீட்டுக்கு வந்துவிடுகிறோம். சென்னை, கோவை, திருச்சி என்று தமிழ்நாட்டு நகரங்களில் உயிரியல், செவிலியம், பிசியோதெரபி படித்த ஆயிரக்கணக்கானோர் மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க நோயாளிகளின் ஆவணங்களைப் படித்துக் குறியீடு இடுகிறார்கள். அமெரிக்காவில் 2015 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள ஐ.சி.டி.-10-சி.எம். முறையில் மார்பகப் புற்றுநோய்க்கு சி50 என்ற தலைப்பு. மார்பகத்தின் எந்தக் கால்பகுதி, வலமா இடமா, பெண்ணா ஆணா என்பதெல்லாம் அடுத்தடுத்த எண்களில் வரும். பெண்ணின் வலது மார்பக மேல்-வெளிப் பகுதி என்றால் சி50.411. அந்தத் தலைப்பின் கீழேயே, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நிலைக்குக் கூடுதல் குறியீடு இடு என்று அறிவுறுத்தல் இருக்கிறது: பாசிட்டிவ் என்றால் இசட்17.0, நெகட்டிவ் என்றால் இசட்17.1. இது நோயின் குறியீடு ஆகாது, நிலைக் குறியீடு. ஆகவே முதலில் வராது, சி50க்குப் பின்தான் வரும். நெடுங்காலம் ஈஸ்ட்ரோஜனுக்கு மட்டுமே இடம் இருந்தது. புரோஜெஸ்டிரான், ஹெர்-2 ஆகியவற்றுக்கும், அவை சேர்ந்து வரும் நிலைகளுக்கும் தனிக் குறியீடுகள் அண்மையில்தான் சேர்ந்தன. டிரிபிள் நெகட்டிவ் என்ற சொல் மருத்துவ உலகில் பல ஆண்டுகளாகப் புழங்கிவந்தபோதும், குறியீட்டில் அதைச் சொல்ல வழி இல்லாமலே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐ.சி.டி.-10இல் இசட்17 என்ற தலைப்பே கிடையாது. அமெரிக்கா தன் பதிப்பில் சேர்த்துக்கொண்டது அது.

இந்த வேலையை அறிந்தவர்களுக்குத் தெரியும், குறியீட்டில் வரும் தவறுகள் பெரும்பாலும் கோடரின் கையில் தொடங்குவதில்லை. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் விஷயத்தில், நோயியல் அறிக்கையில் ஈ.ஆர். 90 சதவீதம் என்று இருப்பதை மட்டும் வைத்துக் கோடர் தானாகக் குறியீடு போட முடியாது; சிகிச்சை தரும் மருத்துவர் தன் குறிப்பில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் மருத்துவருக்குக் குவெரி அனுப்ப வேண்டும். அறுவை முடிந்து மூன்று ஆண்டுகளாக டாமாக்சிஃபென் சாப்பிடுபவரைப் பற்றி இன்னொரு சிக்கல் வரும். அந்த மாத்திரை இன்னும் நடக்கும் சிகிச்சையின் பகுதி என்றால் சி50 தொடர வேண்டும், கூடவே அந்த மருந்தின் நீண்டகாலப் பயன்பாட்டுக்கு இசட்79.810. சிகிச்சை முடிந்து, மறுவரவைத் தடுக்க மட்டும் தருகிறார்கள் என்றால் நோய் வரலாற்றுக் குறியீடான இசட்85.3. மருத்துவரின் குறிப்பில் ‘டாமாக்சிஃபென் தொடரவும்’ என்று மட்டும் இருந்தால் கோடர் எதை இடுவார்? ஒரே பெண் ஒரு பதிவில் நோயாளியாகவும் இன்னொன்றில் குணமானவராகவும் தோன்றுவது இப்படித்தான்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். குறியீடு என்பது காப்பீட்டுப் பணம் வாங்குவதற்கான கணக்கு. மருத்துவர் குறியீட்டைப் பார்த்தா மருந்து எழுதுகிறார்? நோயியல் அறிக்கையைப் பார்த்துத்தானே எழுதுகிறார் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. முதல் மருத்துவர், முதல் மாதத்தில், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்கிறார். ஆனால் இந்த நோயின் காலம் மாதங்களில் அடங்குவதில்லை. ஈ.ஆர். பாசிட்டிவ் நோய் ஐந்து ஆண்டு ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகும், இருபதாம் ஆண்டு வரையிலும்கூடத் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது என்று 2017இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியது. டாமாக்சிஃபெனை ஐந்துக்குப் பதில் பத்து ஆண்டுகள் தருவது மேல் என்று 2013இல் அட்லஸ் சோதனை சொன்னது. இருபது ஆண்டுகளில் ஒரு பெண் ஊர் மாறுவார், மருத்துவர் மாறுவார், அறுவை செய்தவர் ஓய்வு பெற்றிருப்பார், மருத்துவமனை பழைய ஃபைல்களைக் கழித்திருக்கும். அப்போது கையில் மிஞ்சுவது சுருக்கக் குறிப்பும் கணினிப் பதிவும்தான். அதில் ‘மார்பகப் புற்றுநோய், அறுவை, கீமோ முடிந்தது’ என்று மட்டும் இருந்தால், எலும்பு வலி என்று வரும் அந்தப் பெண்ணிடம் புதிய மருத்துவர் பாதிக் கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தனி நோயாளியைத் தாண்டியும் முழுதாகப் பதிவதற்குப் பயன் உண்டு. அமெரிக்காவின் சீயர் என்னும் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1990இலிருந்து ஈ.ஆர்., பி.ஆர். முடிவுகளையும் 2010இலிருந்து ஹெர்-2 முடிவையும் திரட்டுகிறது. மூன்றும் சேர்ந்து கிடைத்த அந்த முதல் ஆண்டின் தரவைக் கொண்டே, ஏற்பி தெரிந்த நோயாளிகளில் ஏறத்தாழ 73 சதவீதம் ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத வகை, 12 சதவீதம் டிரிபிள் நெகட்டிவ், மீதி ஹெர்-2 பாசிட்டிவ் என்று கணக்கிட முடிந்தது. வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு டிரிபிள் நெகட்டிவ் ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது என்பதும் அப்படித்தான் உறுதிப்பட்டது. எந்த வகை யாருக்கு எவ்வளவு வருகிறது என்ற கேள்வியை, எழுதி வைக்காத நாட்டில் கேட்கவே முடியாது.

இந்தியாவுக்கு இந்தக் கேள்வி மிக அவசரமானது. 2022இல் இங்கே ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது, சுமார் 98,000 பேர் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. இந்திய மருத்துவமனைகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் டிரிபிள் நெகட்டிவின் பங்கு நான்கில் ஒன்றுக்கும் மேல். அமெரிக்க அளவோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கு மேல். இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். நம் நோயாளிகள் சராசரியில் இளையவர்கள். இளம் வயதில் இந்த வகை கூடுதல். பெரிய மருத்துவமனைகளுக்குக் கடினமான நோயாளிகளே மிகுதியாக வந்து சேர்வதும் ஒரு காரணமாகலாம். மூன்றாவது காரணம்தான் என்னை உறுத்துகிறது: ஃபார்மலினில் சரியாகப் பதப்படாத திசு பொய்யான நெகட்டிவைத் தரும். இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்தறிய, ஒவ்வோர் ஆய்வகத்தின் முடிவும் சதவீதத்தோடு பதிவேட்டில் ஏற வேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து மக்கள்தொகைப் பதிவேட்டை நடத்திவருகிறது. இந்த வேலைக்கு வேண்டிய அனுபவம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் பதிவேடுகள் உலகெங்கும் கையாளும் ஐ.சி.டி.-ஓ முறையில் 8500/3 என்ற எண், ஊடுருவும் நாளப் புற்று என்று மட்டுமே சொல்லும். ஏற்பி நிலை அந்த எண்ணுக்குள் கிடையாது. தனிக் கட்டம் வைத்து நிரப்பினால்தான் உண்டு. அமெரிக்க நோயாளியின் இசட்17.0 விடுபடாமல் சென்னை அலுவலகத்தில் இளைஞர்கள் சரிபார்க்கும்போது, அதே நகரத்துப் பெண்ணின் சம்மரியில் அந்த வரி விடுபட்டுப்போவதை ஏற்க என்னால் முடியவில்லை. திறமை இங்கேயே இருக்கிறது.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்று எழுதினால் போதாதா, சதவீதம் எதற்கு என்றும் கேட்கலாம். கோடு எங்கே விழுகிறது என்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதே இதற்கு விடை. ஒரு காலத்தில் பத்து சதவீதச் செல்களுக்குக் குறைவாக நிறமேறினால் பல ஆய்வகங்கள் நெகட்டிவ் என்றன. 2010இல் அமெரிக்கப் புற்று மருத்துவர், நோயியலாளர் அமைப்புகள் அதை ஒரு சதவீதத்துக்கு இறக்கின. 2020இல் ஒன்று முதல் பத்து சதவீதம் வரையிலானதைக் ‘குறைந்த பாசிட்டிவ்’ என்று தனியே குறிக்கச் சொன்னார்கள், ஏனென்றால் அந்தக் கட்டிகளில் பல நெகட்டிவ் கட்டி போலவே நடந்துகொள்கின்றன. 4 சதவீதம் என்று எழுதியிருந்தால் இன்றைய மருத்துவர் புதிதாக யோசிக்கலாம். நெகட்டிவ் என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஹெர்-2 விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. 0, 1+ இரண்டையும் நெகட்டிவ் என்று ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார்கள். 2022இல் டெஸ்டினி-பிரெஸ்ட்04 சோதனை, 1+ உள்ளவர்களுக்கும், 2+ ஆக இருந்து மரபணுச் சோதனையில் நெகட்டிவ் ஆனவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்து பலன் தருகிறது என்று காட்டியது. பரவிய நோயில், ஹார்மோன் ஏற்பி உள்ளவர்களின் இடைநிலை வாழ்நாள் 17.5 மாதத்திலிருந்து 23.9 மாதமாக உயர்ந்தது. நெகட்டிவ் என்று மட்டும் பதிவான ஆயிரக்கணக்கான பெண்களின் பழைய அறிக்கைகளைத் தேட வேண்டிய நிலை ஒரே நாளில் வந்தது. எண்ணை எழுதி வைத்திருந்த மருத்துவமனைக்குத் தேடும் வேலை இல்லை. இன்றைய குறியீட்டிலும் இந்த எண்ணுக்கு இடம் இல்லை. ஆகவே குறியீட்டை முழுதாக நம்பியும் இருந்துவிட முடியாது. குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் மருத்துவக் குறிப்பில் எண் இருந்தே ஆக வேண்டும்.

கட்டியே காலப்போக்கில் மாறிவிடுகிறதே, பழைய முடிவைப் பத்திரப்படுத்தி என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி. மாறுவது உண்மை. நோய் திரும்பி ஈரலிலோ எலும்பிலோ தோன்றும்போது, சிலருக்கு ஏற்பி நிலை முதல் கட்டியிலிருந்து வேறுபடுகிறது. அதனால்தான் முடிந்தவரை புதிய இடத்தில் மறுபடி பயாப்சி எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் மாறியிருக்கிறதா என்று தெரிய முதலில் இருந்தது தெரிய வேண்டும். இரண்டு முடிவும் தேதியோடு, எந்த உறுப்பிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு அடுத்தடுத்து இருந்தால், அது மருத்துவருக்குப் பெரிய துணை. செலவைப் பற்றிச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சோதனைக்கு ஆகும் செலவு எளிய குடும்பத்துக்குச் சிறியதல்ல. என்றாலும் நாளொன்றுக்குச் சில ரூபாயில் கிடைக்கும் டாமாக்சிஃபென் யாருக்கு உயிர் காக்கும் என்று அந்தச் சோதனைதான் சொல்கிறது. டிராஸ்டுசுமாப் யாருக்குத் தேவையில்லை என்றும் அதுவே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் டிராஸ்டுசுமாபை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது, இந்தியாவில் அதன் ஒத்த மருந்துகள் வந்து விலை குறைந்தது, அப்படியும் அது பல குடும்பங்களின் கைக்கு எட்டாத தொகைதான். தவறான ஆளுக்குத் தரப்படும் விலை உயர்ந்த மருந்தைவிடச் சோதனை மலிவு. ஏற்கெனவே செய்த சோதனையின் முடிவை ஒரு வரியில் எழுதி வைக்கவோ எந்தச் செலவும் இல்லை.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியது சிறிய காரியம். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயருக்கு அடுத்த வரியிலேயே, ஈ.ஆர். எத்தனை சதவீதம், பி.ஆர். எத்தனை சதவீதம், ஹெர்-2 0, 1+, 2+, 3+ இவற்றில் எது, 2+ என்றால் ஃபிஷ் முடிவு என்ன, சோதனை நடந்த தேதி, எந்த இடத்துத் திசு என்று எழுதட்டும். அரசுக் காப்பீட்டுப் படிவத்திலும் பதிவேட்டிலும் அந்தக் கட்டங்களைக் கட்டாயமாக்கட்டும். நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: ஐ.எச்.சி. அறிக்கையைப் பில்களோடு போடாமல் தனியே எடுத்து வையுங்கள். செல்போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். ஹெர்-2 2+ என்று இருந்து மரபணுச் சோதனை முடிவு இல்லை என்றால், அது எங்கே என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடிவில் சந்தேகம் என்றால் அதே மெழுகுக் கட்டியை வேறு ஆய்வகத்தில் மறுபடி சோதிக்கச் சொல்லலாம். அதற்கு அந்தக் கட்டி தேவை. மருத்துவமனை மாறும்போது ஸ்லைடுகளோடு அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.